உருளைக்கிழங்கும் நான்கு ஈர்க்கும்

உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு ஏ எடுத்தவள் நான். பல்கலைக்கழகத்தில் முதலாவது சேதன இரசாயனப் பாடத்தில் என்னைக் கவிழ்த்தது அந்த ஏ தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானே நம்புவதற்கு ஒரு வருடம் பிடித்தது.

திருக்கோணமலையில் உயர்தரம் படித்த காலத்தில் என் மேசைக்கு மேலே, சுவரில், நான்கு பிறிஸ்டல் அட்டைகளை ஒட்டி ஒன்றாக்கிய, எந்தச் சேர்வையை எதாக மாற்றலாம் என்று காட்டும் ஒரு படம் தொங்கியது. அற்கேனில் தொடங்கி அற்கீன், அற்ககோல், அல்டிகைட்டு, காபொட்சிலிக்கமிலம் என்று பெட்டி பெட்டியாகப் போகும். பெட்டிக்குப் பெட்டி அம்பு. அம்புக்கு மேலே சோதனைப்பொருள், கீழே வெப்பநிலை. கண்ணை மூடினாலும் அந்தப் படம் தெரியும். எதனோலிலிருந்து புரொப்பனோயிக்கமிலத்துக்குப் போ என்றால் புரோமைட்டாக்கு, சயனைட்டைப் போடு, நீர்ப்பகு என்று மூன்றே படியில் போய்விடுவேன். உப்புவெளியிலிருந்து நகரத்து பஸ் நிலையத்துக்குப் போகிற மாதிரி. எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பது தெரியும். அந்தச் சந்தி ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள்.

வினா இதுதான்: 3,3-இருமெதைல்பியூற்றன்-2-ஓலைச் செறிந்த சல்பூரிக்கமிலத்துடன் சூடாக்கும்போது கிடைக்கும் பிரதான விளைபொருள் என்ன? பொறிமுறையை, அதாவது இலத்திரன்கள் படிப்படியாக எங்கிருந்து எங்கே போகின்றன என்பதை, எழுதுக. அற்ககோலும் செறிந்த அமிலமும் என்றால் நீர் போகும், அற்கீன் வரும் என்றது என் சுவர்ப்படம். பக்கத்துக் காபன்களில் ஐதரசன் உள்ளது ஒன்றுதான். அதிலிருந்து ஒரு ஐதரசனை எடுத்து, 3,3-இருமெதைல்பியூற்-1-ஈன் என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் அந்தக் கேள்வியிலேயே நிற்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டதாகவும் ஞாபகம்.

பரிதாபத்துக்கு உரியவள் நான்தான். நீர் விலகியதும் அங்கே இரண்டாம் நிலைக் காபோகற்றயன் ஒன்று, அதாவது வேறு இரண்டு காபன்களோடு மட்டும் சேர்ந்து நேரேற்றத்தோடு நிற்கும் காபன், உருவாகிறது. பக்கத்துக் காபனில் நெருக்கியடித்து நிற்கும் மூன்று மெதைல் கூட்டங்களில் ஒன்று, தன் பிணைப்பு இலத்திரன்களையும் தூக்கிக்கொண்டு, அந்த வெற்றிடத்துக்குத் தாவுகிறது. இப்போது நேரேற்றம் மூன்றாம் நிலைக் காபனில். அது முன்னதைவிட உறுதியானது. அதன் பிறகுதான் ஐதரசன் போகிறது. பிரதானமாகக் கிடைப்பது 2,3-இருமெதைல்பியூற்-2-ஈன். என் சுவர்ப்படத்தில் இப்படித் தாவுவதற்கு அம்பே கிடையாது. பொறிமுறை என்று நான் எழுதியதோ அதைவிட மோசம்: இலத்திரன்கள் போகும் வழியைக் காட்டவேண்டிய அம்பை, இலத்திரனை இழந்த ஐதரசனான புரோத்தனிலிருந்து ஒட்சிசனுக்குப் போட்டிருந்தேன். புரோத்தனிடம் இலத்திரனே இல்லை. இல்லாததை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

பெறுபேறு வந்தபோது பாடத்துக்கு ஈ தரம், சித்தியில்லை. மறுபரீட்சை எழுதலாம், எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள் என்பது எங்கள் பீட விதி. பையைக் கட்டிக்கொண்டு இரவு ரயிலில் ஊருக்கு வந்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. அம்மம்மாதான், "பிள்ளை மெலிந்து போனாள், அங்கே சாப்பாடு சரியில்லையா?" என்று கேட்டார். சாப்பாடுதான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மாமாவுக்குச் சந்தையில் கருவாட்டுக் கடை. பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துதான் தேத்தண்ணீர் குடிப்பார். வந்ததும் நேரே கிணற்றடி. பாதித் தேசிக்காயை எடுத்து உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று ஓரிடம் விடாமல் தேய்ப்பார். சவர்க்காரம் அதற்குப் பிறகுதான். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சி. அன்று நான் கிணற்றுக்கட்டில் கொப்பியோடு இருந்தேன். அமிலமும் காரமும் என்ற முதல் அத்தியாயம். பரீட்சைக்கு முன் இரண்டே மணித்தியாலத்தில் புரட்டித் தள்ளிய அத்தியாயம்.

"மாமா, சவர்க்காரம் மட்டும் போட்டால் போகாதா?"

"சவர்க்காரம் மணத்தைக் கழுவும், மகள். தேசிக்காய் மணத்தைக் கொல்லும்."

கொப்பியைப் பார்த்தேன், மாமாவின் கையைப் பார்த்தேன். கடல் மீனின் தசையில் மும்மெதைலமீன் ஒட்சைட்டு என்று ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு மணமில்லை. மீன் செத்த பிறகு பற்றீரியாக்கள் அதை மும்மெதைலமீனாக மாற்றுகின்றன. மூக்கைப் பிடிக்க வைப்பது இதுதான். அமீன் ஒரு காரம்: நைதரசனில் ஒரு தனிச்சோடி இலத்திரன்கள் சும்மா இருக்கின்றன. தேசிக்காயில் இருப்பது சிற்றிக்கமிலம். தனிச்சோடி புரோத்தனைப் பிடித்துக்கொள்கிறது, அமீன் உப்பாகிவிடுகிறது. உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. ஒரு பொருள் புரோத்தனை எவ்வளவு இலகுவாகக் கொடுக்கும் என்பதைச் சொல்லும் எண் பிகேஏ; எண் குறையக் குறையக் கொடுப்பது இலகு. சிற்றிக்கமிலத்தின் முதலாவது பிகேஏ ஏறத்தாழ 3.1. புரோத்தன் ஏற்றிய மும்மெதைலமீனுடையது 9.8. இடைவெளி 6.7. பத்தின் அடுக்கு 6.7 என்றால் ஏறத்தாழ 50 இலட்சம். தராசு அவ்வளவுக்கு உப்பின் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கொல்லும் என்று மாமா சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

அதைப் படமாக வரைந்தேன். அம்பு நைதரசனின் தனிச்சோடியில் தொடங்கிப் புரோத்தனில் முடிந்தது. கொடுப்பவரிடம் தொடங்கி வாங்குபவரிடம் முடிவது. பரீட்சையில் தலைகீழாகப் போட்டது இதே அம்பைத்தான்.

இந்தப் பாடத்தைத் தொடங்கப்போகிறவர்களுக்கு என் முதல் யோசனை இங்கிருந்துதான் வருகிறது. பிகேஏ அத்தியாயத்தை யாரும் மதிப்பதில்லை. பெயரிடல் முடிந்ததும் தாக்கங்களுக்குத் தாவிவிடுகிறோம். அதைச் செய்யாதீர்கள். பெரிய அட்டவணை தேவையில்லை, ஏழெட்டு எண்கள் போதும். காபொட்சிலிக்கமிலம் 5 அளவில், காபோனிக்கமிலம் 6.4, பீனோல் 10, நீரும் எதனோலும் 16 அளவில், நுனி அற்கைன் 25, அற்கேன் 50 அளவில். உயர்தரத்தில் மூன்று தனித்தனி உண்மைகளாக நான் மனப்பாடம் செய்தவை இருந்தன: பீனோல் சோடியமைதரொட்சைட்டில் கரையும், எதனோல் அப்படித் தாக்கம் புரியாது, இருகாபனேற்றுடன் நுரைப்பது காபொட்சிலிக்கமிலம் மட்டும், பீனோல் நுரைக்காது. இந்த வரிசையைப் பாருங்கள். பீனோல் நீருக்குக் கீழே இருக்கிறது, ஆகவே ஐதரொட்சைட்டுக்குப் புரோத்தனைக் கொடுக்கிறது. ஆனால் இருகாபனேற்று புரோத்தனை வாங்கினால் வரும் காபோனிக்கமிலத்துக்கு மேலே இருக்கிறது, ஆகவே இருகாபனேற்றுக்குக் கொடுக்காது. எதனோல் நீரின் மட்டத்திலேயே நிற்கிறது, ஆகவே பீனோல் மாதிரிக் கொடுக்காது. மூன்று உண்மையும் ஒரே வரிசைக்குள் அடங்கிவிட்டன. எத்தனை இரவுகளை வீணாக்கியிருக்கிறேன் என்று அன்று கணக்குப் பார்த்தேன்.

மறுநாள் சுவர்ப்படத்தைக் கழற்றினேன். கிழிக்க மனம் வரவில்லை. சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டேன்.

அதற்குப் பதிலாகச் செய்தது மிகவும் சாதாரணமான வேலை. வெற்றுத்தாள், பேனை, ஒரு நாளைக்குப் பத்துப் பொறிமுறை. கச்சான் காற்று அடிக்கிற மாதம். பத்து மணிக்கு மேல் வீட்டுக்குள் இருக்க முடியாது, வெளியே போனால் தாள் பறக்கும். விடிய ஐந்து மணிக்கு விறாந்தையில் உட்கார்ந்து, தாளுக்கு மேல் சிரட்டையை வைத்துக்கொண்டு எழுதுவேன். பார்த்து எழுதுவதில்லை என்பது மட்டும்தான் சட்டம். முடியாவிட்டால் விடையைப் பார்க்கலாம்; பார்த்தபின் கொப்பியை மூடி, தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, மறுபடி முதலாவது அணுவிலிருந்து தொடங்க வேண்டும். பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது கள்ளம்.

முதல் நாள் பத்தில் இரண்டுதான் முழுதாக வந்தன. அதே பத்தையும் முதல்நாள் இரவு வாசித்தபோது எல்லாம் விளங்கியிருந்தது. அங்கேதான் ஏமாறுகிறோம். விளங்குவது வேறு, கைக்கு வருவது வேறு. விடைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'ஓமோம், இது இப்படித்தான்' என்று தலையாட்டிக்கொண்டு போன மாணவர்களை நான் விடுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முதலாவது ஆள் நான்.

பிழைகளுக்கு ஒரு தனிக் கொப்பி வைத்தேன். ஒரு வாரம் முடிந்தபோது என் பிழைகள் மூன்றே சாதி என்று தெரிந்தது: அம்பு பிழையான இடத்தில் தொடங்குவது, நான்கு பிணைப்புக் கைகளே உள்ள காபனுக்கு ஐந்து கை முளைப்பது, ஏற்றத்தை எழுத மறப்பது. மூன்றையும் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு படி முடிந்ததும் இரண்டு பக்கமும் மொத்த ஏற்றம் சமமா என்று எண்ணுவதும் ஒவ்வொரு காபனின் கைகளை எண்ணுவதும். அரை நிமிட வேலை. பரீட்சை மண்டபத்தில் இந்த அரை நிமிடம் எனக்கு எத்தனை புள்ளி தந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

மாமாவின் மகன் அப்போது உயர்தரம் முதல் வருடம். பின்னேரங்களில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அம்மா என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. அற்கீனுக்கு ஐதரசன் புரோமைட்டைச் சேர்த்துக் காட்டினேன். மாக்கோனிக்கோவ் விதிப்படி ஐதரசன் ஏற்கெனவே ஐதரசன் கூடிய காபனுக்குப் போகும் என்றேன்.

"ஏன் மச்சாள், அங்கே போக வேண்டும்?"

"விதி."

"யார் போட்ட விதி?"

1869இல் மாக்கோனிக்கோவ் போட்ட விதிதான். ஆனால் அவர் போட்டதற்காகப் புரோத்தன் அங்கே போவதில்லை. புரோத்தன் அந்தப் பக்கம் சேர்ந்தால் நேரேற்றம் மற்றக் காபனில் வந்து நிற்கும். அந்தக் காபனுக்குக் கை கொடுக்கப் பக்கத்தில் அற்கைல் கூட்டங்கள் கூடுதலாக இருக்கின்றன. ஆகவே அந்தக் காபோகற்றயன் உறுதி கூடியது. இதைச் சொல்ல எனக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. சொல்லி முடித்தபோது, பரீட்சையில் என்னைக் கவிழ்த்த மெதைல் தாவலும் இதே கதைதான் என்பது தெரிந்தது. இரண்டுக்கும் சுவர்ப்படத்தில் இரண்டு மூலைகளில் இடம் கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒருநாளும் தவறவிடவில்லை. கேள்வி கேட்கிற, வெட்கமில்லாத, சின்ன ஆள் ஒருவர் உங்களுக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நம்மோடு படிக்கிறவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள்.

மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்குள் விழுகிறவர்கள். விழுந்ததும் தமிழ்ச்சொற்களை ஒரு பாரம் மாதிரி இறக்கி வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான், நியூக்கிளியோபைல், இலெக்ட்ரோபைல் என்று எழுத்துக்கூட்டிக்கொண்டு திரிந்தேன். பழைய கொப்பியில் கருநாடி என்று என் கையாலேயே எழுதியிருந்தது. கருவை நாடுவது. கரு நேரேற்றம் உள்ளது. அதை நாடுகிறது என்றால் அதனிடம் இலத்திரன் மிகுதியாக இருக்க வேண்டும். இலத்திரன்நாடி அதற்கு மறுதலை. சொல்லுக்குள்ளேயே அம்பின் திசை இருக்கிறது! இந்தச் சொற்களை ஆக்கிய யாரோ ஒருவருக்கு நான் ஒரு பிளேன்டீ கடன்பட்டிருக்கிறேன். சேதனம் என்ற சொல் மட்டும் கொஞ்சம் பொய் சொல்லும்: உயிருள்ளவற்றிலிருந்துதான் இந்தச் சேர்வைகள் வரும் என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் அது. 1828இலேயே வோலர் அமோனியம் சயனேற்றிலிருந்து யூரியாவை ஆக்கிக் காட்டிவிட்டார். பெயர் நின்றுவிட்டது. ஒரு பக்கத்தில் தமிழ்ச்சொல், மறுபக்கத்தில் ஆங்கிலச்சொல், நடுவில் ஒரு சிறு படம் என்று நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை நிரப்பினேன். ஆங்கிலம் பரீட்சைக்கு, தமிழ் எனக்கு.

ஒரு கூட்டம் விலக இன்னொன்று அதன் இடத்துக்கு வரும் பிரதியீட்டுத் தாக்கங்களின் இரண்டு வகைகளும் நிலாவெளி பஸ்ஸில்தான் எனக்குப் பிரிந்தன. ஒரு வகையில், பின்கதவால் ஒருவர் நெருக்கிக்கொண்டு ஏற, அதே கணத்தில் முன்கதவால் ஒருவர் தள்ளப்பட்டு இறங்குகிறார். ஏறுவதும் இறங்குவதும் ஒரே அசைவு. பின்கதவில் மூட்டை முடிச்சோடு மூன்று பேர் நின்றால் யாரும் ஏற முடியாது. மூன்றாம் நிலைக் காபனில் இந்த வகை நடக்காதது அதனால்தான். மற்ற வகையில், ஒருவர் ஆறுதலாக இறங்கிப் போய்விடுகிறார். இருக்கை வெறுமையாக இருக்கிறது. பிறகு இடப்பக்கத்தாலும் வந்து உட்காரலாம், வலப்பக்கத்தாலும் வந்து உட்காரலாம். வேகம் இறங்குகிறவரின் கையில். ஏறக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பது கணக்கில் வராது. இதை வைத்துக்கொண்டு வேகச் சமன்பாட்டைக்கூட எழுதிவிடலாம், எழுதிப் பாருங்கள்.

அடுத்தது திண்மத்தோற்றம், அதாவது அணுக்கள் முப்பரிமாணத்தில் நிற்கும் விதம். கரும்பலகை தட்டையானது, காபன் தட்டையானது அல்ல. எல்லாக் கரைச்சலும் அங்கேதான் தொடங்குகிறது. தாளுக்கு முன்னே வரும் பிணைப்புக்கு ஆப்பும் பின்னே போவதற்குக் கோடும் போட்டு வரைந்த படங்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எனக்குத் தாளாகவே தெரிந்தன. மாதிரியுருப் பெட்டி வாங்கக் காசில்லை. சமையலறைக்குப் போய் ஒரு சிறிய உருளைக்கிழங்கும், விளக்குமாற்றிலிருந்து நான்கு ஈர்க்கும் எடுத்தேன். கிழங்கு காபன். ஈர்க்கு நுனிகளில் ஒரு குட்டித் தக்காளி, ஒரு தேசிக்காய், ஒரு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய்.

முதலில் நான்கையும் சிலுவை மாதிரிக் குத்தினேன். மேசையில் வைத்தால் சப்பையாகப் படுத்துவிட்டது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மம்மா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன பிள்ளை, சமையலா படிப்பா?"

"படிப்பு, அம்மம்மா. நாலும் ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில் நிற்க வேண்டும்."

அவர் சுளகை வைத்துவிட்டு வந்தார். ஈர்க்குகளைப் பிடுங்கினார். கீழே மூன்றை அடுப்புக்கல் மாதிரி விரித்துக் குத்தி, நான்காவதை நேரே மேலே குத்தினார். வைத்தால் நின்றது. கவிழ்த்து வேறொரு ஈர்க்கை மேலே விட்டாலும் நின்றது. எதை மேலே விட்டாலும் மற்ற மூன்றும் அடுப்புக்கல். 109.5 பாகை என்று நான் மனப்பாடம் செய்த எண் இதுதான். 1874இல் வான்ட் ஹோஃப் தன் 22ஆவது வயதில் காபன் நான்முகியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியபோது, மற்ற இரசாயனவியலாளருக்கு விளங்க வேண்டுமே என்று அட்டையில் நான்முகிகள் செய்து அனுப்பினார். ஆகவே கிழங்குக்கு வெட்கப்படத் தேவையில்லை.

அதே மாதிரி இன்னொரு கிழங்கைச் செய்து, தக்காளியையும் தேசிக்காயையும் மட்டும் இடம் மாற்றினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று பொருந்துமா என்று உருட்டிப் புரட்டிப் பார்த்தேன். பொருந்தவே இல்லை. ஆனால் கண்ணாடியில் ஒன்றைப் பார்த்தால் மற்றது தெரிந்தது. கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் சங்கு விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; இடம்புரியை எவ்வளவு உருட்டினாலும் வலம்புரியாகாது. ஆகுமானால் வலம்புரிக்கு அந்த விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? சங்கில் வலம்புரி அருமை. நம் உடம்பின் புரதங்களிலும் அமினோவமிலங்கள் ஒரே புரியைச் சேர்ந்தவைதான்.

இப்படிக் கண்ணாடி விம்பங்களாக இருக்கும் இரண்டையும் ஆர், எஸ் என்று பிரித்துக் குறிப்பதையும் கிழங்கை வைத்தே பழகினேன். தயிரிலுள்ள லக்டிக் அமிலத்தை எடுத்தால், ஐதரொட்சில் தக்காளி, காபொட்சில் தேசிக்காய், மெதைல் வெங்காயம், ஐதரசன் மிளகாய். மிளகாயை என்னிடமிருந்து அப்பால் போகும்படி பிடித்துக்கொண்டு, தக்காளியிலிருந்து தேசிக்காய், அங்கிருந்து வெங்காயம் என்று பார்வையைச் சுழற்ற வேண்டும். மணிக்கூட்டுத் திசை என்றால் ஆர், எதிர்த்திசை என்றால் எஸ். ஒரு வாரம் கிழங்கைத் திருப்பிய பிறகு தாளிலுள்ள ஆப்பும் கோடும் தாமாகவே எழுந்து நின்றன. இப்போது கிழங்கு வேண்டாம், விரல்கள் போதும்.

அன்றைக்கு மத்தியானம் பாரை மீன் குழம்பு. புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அதிலிருப்பது தாத்தாரிக்கமிலம், 1848இல் லூயி பாஸ்ரர் அந்த அமிலத்தின் உப்பொன்றின் பளிங்குகளைத்தான் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடம் வலம் பிரித்தார் என்று சொன்னேன். ஒரு குவியலின் கரைசல் ஒளியின் தளத்தை வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் திருப்பியது என்றும் சொன்னேன். "அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி" என்றார் அம்மா. அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

செயன்முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில் கெட்டிக்காரி அல்ல. பென்சோயிக்கமிலத்தை நீரில் மீள்பளிங்காக்கும், அதாவது சுடுநீரில் கரைத்து ஆறவிட்டுத் தூய பளிங்காக எடுக்கும், நாளில், சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீரை அள்ளி ஊற்றினேன். சீக்கிரம் படியட்டும் என்று சூட்டோடு சூடாகப் பனிக்கட்டிக்குள் வைத்தேன். கிடைத்தது ஒரு சிட்டிகைத் தூள். தூய பென்சோயிக்கமிலம் 122 பாகையில் உருகும். என்னுடையது 112இல் நெகிழத் தொடங்கி 119இல்தான் முழுதாக உருகியது. கொதிநீர் ஆகக் குறைந்த அளவு, அதன் பிறகு தானாக ஆறுவதற்குப் பொறுமை, இரண்டுதான் வேண்டும். அவசரமாக வளரும் பளிங்கு அழுக்கையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். நிலாவெளி உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பாத்தியில் உப்புப் படிந்ததும், மிஞ்சிய கசப்பு நீரை வற்றவிடாமல் வடித்துவிடுவார்கள். வற்றவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து உப்பு கசக்கும். நாங்கள் வடிதாளில் செய்வதும் அதுவே.

பாதுகாப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்த வளைந்த அம்புகளை 1922இல் ஒரு கட்டுரையில் எழுதியவர்கள் இருவர், றொபின்சனும் கேர்மாக்கும். கேர்மாக் 1924இல், 26 வயதில், ஆய்வுகூட விபத்தொன்றில் எரிகாரம் பட்டு இரண்டு கண்களையும் இழந்தார். அதன் பிறகும் ஆய்வை விடவில்லை; தொற்றுநோய்ப் பரவலுக்கு 1927இல் வந்த புகழ்பெற்ற கணித மாதிரியை எழுதிய இருவரில் அவரும் ஒருவர். ஆனால் தான் வரைந்த அம்பை அவர் மறுபடி பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் போடுங்கள்.

பெயரிடலுக்கு நான் நேரம் செலவழிக்கவில்லை. பொறிமுறை எழுத எழுத அது தானாக வந்துவிடுகிறது. கடந்தகால வினாத்தாள்களைக் கடைசி இரண்டு வாரம் வரை தொடவில்லை. உயர்தரத்தில் அவற்றைத்தான் முதலில் எடுப்போம், எந்தக் கேள்வி எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவோம். அந்தப் பழக்கத்தை விடுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. இப்போதும் முழுதாக விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

மறுபரீட்சையில் அந்தப் பழைய அற்ககோல் வரவில்லை. வேறொன்று வந்தது, என் கொப்பிகளில் எங்கும் இல்லாத ஒரு வளையச் சேர்வை. முதல் தடவையாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். தனிச்சோடி எங்கே இருக்கிறது, இலத்திரன் பசியோடு நிற்கும் இடம் எது என்று தேடினேன். கருநாடி தாக்குவது, ஒரு கூட்டம் விலகுவது, புரோத்தன் கைமாறுவது, இருக்கிற ஒன்று தாவுவது என்று நான்கே அசைவுகள்தான். அதில் எது முதலில் என்று பார்த்து ஒவ்வொன்றாக எழுதினேன். ஒவ்வொரு படியிலும் கைகளை எண்ணினேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு முன்னரே எழுதி முடித்துவிட்டார்.

பெறுபேறு வந்த அன்று நான் ஊரில்தான் நின்றேன். சந்தைக்குப் போய் மாமாவிடம் சொன்னேன்.

"என்ன வந்தது?"

"சி."

"சி என்றால் திறமைச் சித்திதானே? பிறகென்ன!"

சாதாரண தரக் கணக்கில் அவர் சொன்னது சரி. பீட விதியை அவருக்கு விளக்கப் போகவில்லை. விடுதிக்குக் கொண்டுபோ என்று அரைக் கிலோ சூரைக் கருவாட்டைப் பத்திரிகைத்தாளில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். பையில் வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகப் பக்கத்துக் கடையிலிருந்து நான்கு தேசிக்காயும் வாங்கிப் போட்டார்.